இருபுறமும் விரல் கேட்கும் பூட்டு

மேலப்புதூர், திருச்சி
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று முதல் புது வீட்டைப் பற்றிய எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். எனக்குப் பிடித்ததைக் கூட்டியும் பிடிக்காததைக் குறைத்தும் எழுதமாட்டேன். ஓமானில் இருந்துகொண்டு சுவருக்குள் என்ன போகிறது என்று உங்களால் பார்க்க முடியாது, போனில் பேசினால் பாதி மறந்துபோகும், அதனால் நீதான் என் கண் என்று சொன்னீர்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் தமிழ் தட்டச்சு பழக நான்கு நாள் ஆயிற்று. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் கே.கே. நகருக்குப் போனோம். அன்புச்செல்வன் அண்ணன் முன்பே வந்து பூசாத சுவர்களில் நீலச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர், நீங்கள் கேட்டதால் இந்த வேலைக்கு வந்தாராம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தை நான் விரித்துப் பிடித்தேன். மாடிப்படிக்குக் கீழே நெட்வொர்க் பெட்டி. அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி பைப். கரண்ட் ஒயர் பைப்பும் நெட் கேபிள் பைப்பும் ஒரு அடியாவது தள்ளிப் போக வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஹாலில் ஓர் இடத்தில் நான்கு அங்குலம்தான் இருந்தது. ஸ்கேலை வைத்துக் காட்டினேன்.

“பாப்பா, நீ சூப்பர்வைசரா வந்தா நான் பஜ்ஜிக் கடை வைக்கப் போயிடுவேன்” என்றார். ஆனால் கோட்டை அழித்து மாற்றிப் போட்டார்.

எல்லா சுவிட்ச் பெட்டியிலும் நியூட்ரல் ஒயர் இறக்கச் சொல்லிவிட்டேன். அது இல்லாவிட்டால் போனில் இருந்து விளக்குப் போடும் சுவிட்ச் வேலை செய்யாது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா, “எழுந்து போய்ப் போட்டா எரியும்ல, அது போதும்” என்றார்.

வாசல் கதவைப் பற்றியும் பேச்சு வந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த பூட்டுக்கு வெளியே விரல் வைக்க வேண்டும், உள்ளே இருந்து திறக்கவும் விரல் வைக்க வேண்டும். அன்புச்செல்வன் அண்ணன் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். உள்பக்கம் சாதாரணக் கைப்பிடி இருக்கட்டும், அவசரத்துக்குத் திருகினால் திறக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அம்மாவும் அதையே சொன்னார். பின்கதவுக்காவது ஒரு தாழ்ப்பாள் போதும் என்றார். சமையலறையில் கேமரா வேண்டாம் என்றும் சொன்னார். அடுப்படியில் நைட்டியோடு நிற்பதை யார் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இரண்டையும் அப்படியே எழுதிவிட்டேன். முடிவு நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜென்சி


சோஹார், ஓமான்
20 ஜூன் 2024

அன்பு மகள் ஜென்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் கீழே வேலை பார்க்கும் ஆட்கள் யாரும் இப்படி ரிப்போர்ட் எழுதியதில்லை. நான்கு அங்குலத்தைக் கண்டுபிடித்தாயே, அப்பாவுக்குப் பெருமையாக இருக்கிறது.

பதினொரு வருடமாக இந்தத் தொழிற்சாலையின் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து அடுத்தவன் வாசலைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். நூற்று நாற்பது கேமரா. எந்த கேட்டில் யார் வந்தார், எந்த நேரம் போனார் என்று எல்லாம் தெரியும். என் பிள்ளை எத்தனை மணிக்கு ஸ்கூல் விட்டு வருகிறது என்று தெரியாது. வருடத்துக்கு இருபத்திரண்டு நாள் லீவில் வந்து, விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். இந்த வீட்டில் நான் இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

பூட்டு நான் சொன்னதுதான். மாடி வழியாக இறங்குகிற திருடன் வாசல் வழியாகத்தான் பொருளைத் தூக்கிக்கொண்டு போவான். உள்ளே கைப்பிடி வைத்தால் அவனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. பின்கதவுக்கும் அதே பூட்டு. அன்புச்செல்வனுக்கு கரண்ட் தெரியும், பாதுகாப்பு தெரியாது.

சமையலறைக் கேமராவை வேண்டுமானால் விட்டுவிடலாம். ஆனால் பின்கதவு அந்தப் பக்கம் இருப்பதால் ஏதாவது ஒரு கோணத்தில் அது தெரிய வேண்டும். யோசித்துப் பார்.

பணி நேரத்தில் என் போன் கேட்டில் உள்ள லாக்கரில் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல், உங்கள் நேரப்படி ஏழரைக்கு மேல்தான் எதையும் பார்ப்பேன். அதனால் எழுதுவதை எழுதிக்கொண்டே இரு.

அப்பா


மேலப்புதூர்
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

கேபிள் இழுக்கும் வேலை முடிந்தது. ஒவ்வொரு முனையிலும் அறையின் பெயரை நான் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினேன். பதினெட்டு முனை. அண்ணன் சோதனைக் கருவியைச் செருகியபோது பதினேழில் பச்சை விளக்கு வந்தது. என் அறைக்குப் போகும் கேபிள் ஒன்றுதான் எங்கோ நசுங்கியிருந்தது. உருவிவிட்டு வேறு போட்டார்கள். மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நடந்துபோனாலும் சிக்னல் அறுந்துபோகாது.

சமையலறைக் கேமரா பற்றி நீங்கள் கேட்டதற்கு விடை கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டு மேசைக்கு மேலே வரும் கேமராவை இரண்டு அடி இடது பக்கம் தள்ளினால், திறந்த வாசல் வழியாக அடுப்பும் பின்கதவும் தெரிகின்றன. ஏணியில் ஏறி என் கண்ணை அங்கே வைத்துப் பார்த்தேன். தனிக் கேமரா தேவையில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை போனில் கேட்டீர்கள், அன்புச்செல்வன் அண்ணன் எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார் என்று. காலை ஒன்பதரை, மாலை ஐந்தரை. சனிக்கிழமை வேலை முடிந்த பிறகும் நாற்பது நிமிடம் இருந்தார். அம்மா ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தார். இருவரும் மணல் குவியலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வாளிகளில் உட்கார்ந்து பேசினார்கள். அவருடைய மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, அதைப் பற்றித்தான் பேச்சு. அம்மா ஒரு தடவை சிரித்தார். நான் ஜன்னல் அளவு எடுத்துக்கொண்டிருந்ததால் எதற்கென்று கேட்கவில்லை.

அம்மா புதன்கிழமைதோறும் சகாய மாதா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போகிறார். போகும்போது தூக்குவாளியில் சாதம் எடுத்துப் போகிறார். கோயில் வாசலில் யாருக்காவது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஜென்சி


சோஹார்
6 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

கேமரா யோசனை பிரமாதம். அப்படியே செய்யச் சொல்.

டீ கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் வேலை முடிந்த ஆள் நாற்பது நிமிடம் எதற்கு உட்கார வேண்டும்? இனி நீ பக்கத்திலேயே இரு. அளவு பிறகு எடுக்கலாம்.

நவநாள் காலையிலா மாலையிலா? எத்தனை மணிக்குத் திரும்புகிறாள்? அடுத்த கடிதத்தில் எழுது.

இன்னொன்று. பூட்டோடு அவசரத்துக்கென்று இரண்டு சாவி வரும். பிராங்க்ளின் அங்கிள் லீவு முடிந்து செப்டம்பர் கடைசியில் இங்கே திரும்புகிறார். இரண்டையும் கவரில் போட்டு ஒட்டி அவரிடம் கொடு. வீட்டில் சாவி கிடந்தால் யார் கைக்காவது போகும். என்னிடம் இருந்தால் நிம்மதி.

அப்பா


கே.கே. நகர்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து வீட்டை மந்திரித்ததை நீங்கள் போனில் பார்த்தீர்கள். அறை அறையாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு வந்தவர், மாடிப்படிக்குக் கீழே பெட்டிக்குள் மின்னும் விளக்குகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். வீட்டின் மூளை என்று சொன்னேன். அதற்கும் கொஞ்சம் தெளிக்கப் போனார். அன்புச்செல்வன் அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார்.

அம்மா விரலும் என் விரலும் பூட்டில் பதிவாகிவிட்டன. சாவிகளை பிராங்க்ளின் அங்கிளிடம் கொடுத்துவிட்டேன்.

இனி எழுதப்போவது இந்த வீட்டைப் பற்றியது இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

புதன்கிழமை காந்தி ஜெயந்தி விடுமுறை. அம்மா தூக்குவாளியோடு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றவர், பிறகு என்ன நினைத்தாரோ, வா என்றார். கோயிலில் இறங்கவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனோம். அம்மா மண்டபம் சாலையில் வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அங்கே ஆசீர் மாமா இருக்கிறார்.

நான் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று மாமா குடித்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் உங்கள் சட்டையைப் பிடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் என் வாசலை மிதிக்கக் கூடாது, நீயும் அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மாவிடம் நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த மாமா இப்போது இல்லை. வயிறு மட்டும் வீங்கி, கை கால்கள் எல்லாம் குச்சியாக, கண் மஞ்சளாக இருக்கிறது. கல்லீரல் போய்விட்டதாம். குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, விட்டும் பயனில்லை. பக்தர்களை ஏற்றி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது மாடிப்படி இறங்கவே ஸ்டாண்டில் உள்ளவர்கள் தூக்க வேண்டியிருக்கிறது. அம்மா தம்பிக்குச் சாதத்தைக் குழைத்து ஊட்டினார்.

மாமா என்னிடம், “என்ன இன்ஜினியரம்மா, வீட்டுக்கு எத்தனை கேமரா?” என்று கேட்டார். ஆறு என்றேன். “உங்கப்பாவுக்கு ரெண்டு கண்ணுதான்டி இருக்கு. ஒரு நாளைக்கு நான் வந்து நின்னா ஆறுலயும் தெரிவேனா?” என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது. பிறகு, அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் போனில் கேட்டால் அது மன்னிப்பு மாதிரி இருக்காது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, “அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்மா. நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கிறேன்” என்றார். நான் காலித் தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எழுதுவேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டது முதலில். அதோடு, மாமாவை இப்போது பார்த்தால் நீங்கள் கோபப்படமாட்டீர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. உங்களால் பார்க்க முடியாது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதினேன்.

அன்புடன்,
ஜென்சி


சோஹார்
12 அக்டோபர் 2024

ஜென்சிக்கு,

உண்மையாக எழுதியதற்கு நன்றி. அந்த வீட்டில் என்னிடம் உண்மை பேச நீ ஒருத்தி இருக்கிறாய்.

நேற்று அம்மாவிடம் பேசியதை நீ பக்கத்து அறையிலிருந்து கேட்டிருப்பாய். நான் சத்தம் போட்டதற்கு வருத்தப்படவில்லை. மாதாவின் பெயரைச் சொல்லிவிட்டு எத்தனை புதன்கிழமை போயிருக்கிறாள்? அவன் நோயாளி என்பது வேறு. என்னிடம் மறைத்தது வேறு. இங்கே ஒரு கேட்டில் ஒருவன் பொய்க் காரணம் சொல்லிப் போனால் அடுத்த நாள் அவன் அட்டை வேலை செய்யாது. அவனை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. அட்டை வேலை செய்யாது, அவ்வளவுதான்.

பூட்டுக்கு நேர அட்டவணை வைத்துவிட்டேன். அம்மாவின் விரல் காலை ஆறிலிருந்து எட்டு வரையும், மாலை நான்கிலிருந்து ஏழு வரையும் வேலை செய்யும். கடைக்கும் கோயிலுக்கும் அது போதும். உன் விரல் எப்போதும் வேலை செய்யும். இரண்டு கதவுக்கும் இதே ஏற்பாடு.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம். கேட்டால், பூட்டில் ஏதோ கோளாறு, அப்பா வந்து சரிசெய்வார் என்று சொல். சண்டை போடுவதைவிட இது நல்லது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நேரில் எல்லாம் பேசித் தீர்ப்போம்.

அப்பா


கே.கே. நகர்
24 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாக எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் அட்டவணை வைத்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வெளியே போகும் புடவையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி மடியில் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து பூட்டு விரலை எடுக்கவில்லை என்றார். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி எல்லாம் பார்த்திருக்கிறார். நான் நீங்கள் சொன்னபடியே, கோளாறு என்று சொன்னேன். அம்மா தூக்குவாளியைத் திறந்து, அந்தச் சாதத்தை அவரே சாப்பிட்டார்.

அதன்பிறகு என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறார். யார் உங்களிடம் சொன்னது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இப்போது மாலை நான்கு மணிக்குப் பூட்டு திறந்ததும் ஓடுகிறார். ஸ்ரீரங்கத்தில் கால் மணி நேரம்தான் இருக்க முடிகிறது. போன புதன் பாலத்தில் நெரிசல், ஏழு இருபதுக்குத்தான் வந்தார். விரல் எடுக்கவில்லை. அழைப்புமணி அடித்தால் உங்கள் போனுக்கும் போகும் என்பதால் அடிக்கவில்லை. என் ஜன்னலில் சிறு கல்லை எறிந்து கூப்பிட்டார். எதிர்வீட்டில் ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவை வெள்ளிக்கிழமை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே மதியப் பார்வை நேரத்தில்தான் அதிக நேரம் கூட இருக்க முடியும். அப்பா, நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. மதியத்துக்கு மட்டும் அம்மாவின் விரலைத் திறந்துவிடுங்கள்.

ஜென்சி


சோஹார்
26 நவம்பர் 2024

ஜென்சிக்கு,

நீ சின்னப் பெண், இரக்கப்படுவது சரி. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். மாலையில் போகட்டும், நான் தடுக்கவில்லையே. ஒரு தடவை தளர்த்தினால் பிறகு அட்டவணைக்கு மரியாதை இல்லை.

டிசம்பர் 22 டிக்கெட் போட்டுவிட்டேன். அரையாண்டுத் தேர்வுக்கு நன்றாகப் படி.

அப்பா


சோஹார்
11 டிசம்பர் 2024, புதன், இரவு

ஜென்சிம்மா,

ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்தேன். அம்மாவிடமிருந்து முப்பத்தொரு மிஸ்டு கால். பூட்டை யாரோ உடைக்கிறார்கள் என்று ஏழு எச்சரிக்கை. திருடன் என்று நினைத்துப் பதிவைத் திறந்தேன்.

பார்த்தேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அது உனக்குத் தெரியும். போன் கையில் இருந்திருந்தால் ஒரு வினாடியில் திறந்திருப்பேன். கண்ட்ரோல் அறைக்கு ஒரு லேண்ட்லைன் உண்டு, அந்த எண்ணை வீட்டில் யாருக்கும் கொடுத்ததில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

அட்டவணையை எடுத்துவிட்டேன். இனி அம்மா விரல் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்யும். அவளிடம் சொல். அவள் போனை எடுக்கவில்லை. அன்புச்செல்வன் ஏன் வந்தும் உடைக்காமல் போனான்? ஜன்னல் பக்கம் அவர்கள் பேசியது கேமராவில் சரியாகக் கேட்கவில்லை. நீயாவது எழுது. என்ன நடந்தது என்று எழுது.

அப்பா


ஸ்ரீரங்கம்
15 டிசம்பர் 2024, ஞாயிறு

அப்பா,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இதுதான் கடைசி.

மருத்துவமனையிலிருந்து பத்து ஐம்பதுக்கு அம்மாவுக்குப் போன் வந்தது. மாமா ரத்தமாக வாந்தி எடுக்கிறார், உடனே வாருங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு ஹால் கேமராவுக்கு முன்னால் நின்று அம்மா உங்களிடம் பேசியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் பிறகு பதிவில் பார்த்தேன். “ஏங்க, கதவத் திறந்துவிடுங்க. தம்பி போயிட்டிருக்கான். பார்த்துட்டு வந்திடறேன், அப்புறம் பூட்டிக்குங்க.” மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கைகூப்பினார். பிறகு அம்மிக் குழவியை எடுத்துவந்து பூட்டை அடித்தார். இரும்புக் கதவில் பள்ளம்தான் விழுந்தது. நீங்கள் சொன்ன திருடன் எச்சரிக்கை அதுதான்.

எனக்கு அன்று கணக்குத் தேர்வு. அம்மா பள்ளி அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். தேர்வு முடியாமல் அனுப்ப முடியாது, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே வர மகளுடைய விரல் வேண்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவசரம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எல்லா அம்மாக்களும் அவசரம் என்றுதான் சொல்வார்கள்.

அன்புச்செல்வன் அண்ணன் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். துளைபோடும் மிஷினோடு வந்தார். பத்து நிமிடத்தில் பூட்டைக் கழற்றியிருப்பார். கம்பி ஜன்னல் வழியாக அம்மா சொன்னதை அவர் அடக்கத்தின்போது எனக்குச் சொன்னார். உங்களுக்குக் கேட்காதது இதுதான்:

“வேண்டாம் தம்பி. நீங்க ஒடைச்சா, ஊர்ல இல்லாதவர் வீட்டுக் கதவ ஒடைச்சு உள்ள வந்தீங்கன்னு ஆயிடும். டீ குடிச்சதுக்கே அவர் எங்கிட்ட கணக்குக் கேட்டார். உங்களுக்குக் கைக்குழந்தை இருக்கு. நீங்க போங்க.”

நாற்பது நிமிடம் என்று எழுதியது நான்.

அண்ணன் போகவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு என் பள்ளி வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டே முக்காலுக்குத் தேர்வு முடிந்தது. ஒன்று இருபதுக்கு நான் விரல் வைத்தேன், உடனே திறந்தது. அம்மா செருப்புப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கதவுக்கு நேராக நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஆட்டோ நிற்கிறதா என்று பார்த்தார்.

நாங்கள் போனபோது மாமாவின் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டதாம். அக்கா வந்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டாராம். வார்டில் இருந்த பெண் ஒருவர், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை அடக்கம் நடந்தது. வேன் ஸ்டாண்டில் உள்ளவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். திரும்பும்போது அம்மாவிடம், எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“போன்ல அவர் கேட்டதெல்லாம் நீ பார்த்ததுதான். நீ பார்க்காதது ஒண்ணுகூட அவர் கேக்கல.”

கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோளாறு என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யை நான் சொல்லாமல், அட்டவணை இருக்கிறது என்று அன்றே சொல்லியிருந்தால், அம்மா அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றியிருப்பாரா, அல்லது உங்களிடம் சண்டை போட்டாவது திறந்திருப்பாரா என்று படுக்கையில் கிடந்து யோசிக்கிறேன். உங்களிடம் உண்மையாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். அம்மாவிடமும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் இரண்டு பூட்டையும் கழற்றினார். அதற்குமுன் அம்மா ஹால் கேமராவைப் பார்த்து, “நான்தான் கழட்டச் சொன்னேன். இவர் மேல எதுவும் இல்ல. லூர்துராணி, நான் சொல்றேன்” என்றார். உங்கள் மனைவி என்று சொல்லவில்லை, பெயரைச் சொன்னார். கழற்றிய பூட்டுகள் சாப்பாட்டு மேசைமேல் இருக்கின்றன. கதவுகளில் இப்போது ஓட்டைகள்தான் இருக்கின்றன, பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், வாசலில் சங்கிலி போட்டு வெளியே ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது. சாவி எதிர்வீட்டில். 22ஆம் தேதி வரும்போது அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாமா இருந்த அறைக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் இருக்கச் சொல்லிவிட்டார். அம்மா சத்திரம் பக்கம் ஒரு தையல் கடையில் நாளை முதல் வேலைக்குப் போகிறார். நீங்கள் இங்கே வரலாமா என்று கேட்டேன். “வாசல் வரைக்கும் வரட்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் கிளம்பியதையும் எழுதிவிடுகிறேன். ஆறரை மணி. இரண்டு பெட்டி, என் புத்தகப் பை. அம்மா அறை அறையாகப் போய் விளக்கை அணைத்தார். சங்கிலியை மாட்டப் போகும்போது ஹால் விளக்கு தானாக எரிந்தது. பிறகு மாடிப்படி, சாப்பாட்டு மேசை, போர்ட்டிகோ. வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, போன் கையில் இருந்தது, அங்கிருந்து நீங்கள் ஒவ்வொன்றாகப் போட்டீர்கள். எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போட்டீர்களா, போகாதே என்று போட்டீர்களா, எனக்குத் தெரியவில்லை. அம்மா போர்ட்டிகோ வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் அழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு என்னிடம், “உனக்குத்தான் எல்லா இடமும் தெரியுமே, போய்ட்டு வா” என்றார்.

நான் உள்ளே போனேன். மாடிப்படிக்குக் கீழே பெட்டியைத் திறந்தேன். நான் எழுதி ஒட்டிய பதினெட்டு சீட்டும் அப்படியே இருந்தன. ரவுட்டரை அணைத்தேன், ரெக்கார்டரை அணைத்தேன், அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரியையும் அணைத்தேன். கடைசியாக மெயினை இறக்கினேன்.

மாலை 6.42. விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.

ஜென்சி